வழியில் கிடைத்த சிறுமணி

காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுச்சாலையைக் கடந்தவர்களுக்கு அந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், ஜல்லி லாரி எல்லாம் ஒன்றையொன்று முட்டுவது போல நெருங்கி நிற்கும். நடுவில் மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றிய எக்ஸ்எல் வண்டி ஒன்று சந்து தேடிக்கொண்டிருக்கும். குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் விவசாயமும் ஏறக்குறைய அந்த எக்ஸ்எல் வண்டி மாதிரிதான். இருக்கிற சந்தில் நடக்கிறது.

இந்த வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராக வேலை பார்ப்பதால், வெளி மாவட்ட நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க ஊர்ல இன்னும் நெல்லு போடறாங்களா?" போடுகிறார்கள். சின்ன ஏரிகளின் கீழும், கிணற்றை நம்பியும், கிடங்குச் சுவருக்கும் மனைப்பிரிவுக்கும் இடையிலும் போடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களை வெளியே கூட்டிப்போய், மற்றவர்கள் வயலையும் ஆராய்ச்சி நிலையங்களையும் காட்டிவர ஆத்மா திட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குக் கண்டுணர்வு சுற்றுலா என்று பெயர். பெயரில்தான் சுற்றுலா. வண்டியில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்.

பக்கத்தில் போவதென்றால் எங்களுக்குத் திருவள்ளூர் அருகிலுள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். டி.கே.எம். என்று பெயர் தொடங்கும் நெல் இரகங்கள் அங்கே உருவானவை. அவற்றில் டி.கே.எம்.6 என்ற பழைய இரகத்தைப் பற்றி எல்லாக் குழுவிடமும் சொல்வேன். குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் அதற்கு இருந்ததால், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்து ஐ.ஆர்.20 இரகத்தை உருவாக்கி 1969-இல் வெளியிட்டது. நம் அப்பாமார்கள் சம்பாவுக்கு விரும்பிப் போட்ட ஐ.ஆர்.20, நம் பக்கத்து ஊர் விதை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததுதான். இதைக் கேட்டதும் வண்டியில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில் நாங்கள் புறப்பட்டது பக்கத்துப் பயணம் அல்ல. குன்றத்தூரிலிருந்து திருத்துறைப்பூண்டி. 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கே நடக்கும் பாரம்பரிய நெல் விதைத் திருவிழாவுக்கு.

மொத்தம் 24 பேர். பெண்கள் ஒன்பது பேர், அவர்களில் பலர் கீரை போடுகிறவர்கள். கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து வந்து ஏற்றிய ஒரு பெரியவரும் இருந்தார். வயது 70-ஐத் தொட்டிருக்கும். இரண்டரை ஏக்கர் பள்ளக்கால் நிலம். ஒரு பக்கம் கிடங்கு. இன்னொரு பக்கம் மண் கொட்டி உயர்த்திய மனைப்பிரிவு. முன்பு வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போன மழைத்தண்ணீர் இப்போது அவர் வயலில் வந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் நின்றால் போதும், கோ 51 போன்ற குட்டை இரகம் மூழ்கிப்போகும். மூன்று வருடத்தில் இரண்டு முறை விதைத்த காசு கூட வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. "வித்துட்டு நிம்மதியா இருப்பா" என்கிறார்கள். புரோக்கர் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகிறார். பெரியவர் வண்டியில் பின் சீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்தார். யாரோடும் பேசவில்லை.

நாலரை மணிக்குக் குன்றத்தூரை விட்டோம். வழியூர்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் வரும்போது ஆறு. அங்கேயே முக்கால் மணி நேரம் போனது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டியில் கும்பகோணம் சாலைக்குத் திரும்பினோம். அப்போது அந்தச் சாலையில் அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மாற்றுப்பாதைப் பலகை. புழுதிக்கு ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தலையெல்லாம் செம்மண். ஓர் அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். இன்னொருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "விதைய பஸ்ஸுல போட்டுவுட சொல்லியிருந்தா வந்து சேர்ந்திருக்குமே சார்" என்றார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. பகல் ஒரு மணிக்குத் திருத்துறைப்பூண்டி என்று பயணத் திட்டத்தில் எழுதியிருந்தேன். ஒரு மணிக்கு நாங்கள் சேத்தியாத்தோப்பைக் கூடத் தொடவில்லை.

அணைக்கரையில் வண்டி நின்றது. அப்போது கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை மேலேயே சாலை போனது. குறுகல் பாலம். ஒரு பக்க வண்டிகளை விட்டுவிட்டுத்தான் மறுபக்கத்தை விடுவார்கள். "அரை மணி ஆகும்" என்று டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். எல்லோரும் இறங்கி அணை ஓரம் நின்றோம்.

கீழணை 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. இங்கே தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. வீராணத்திலிருந்து குழாயில் ஏற்றி சென்னைக்குக் கொண்டுபோகும் புதிய வீராணம் திட்டம் 2004-இல் ஓடத் தொடங்கியது. அந்தக் குழாய் வந்து சேரும் இடம் போரூர். எங்கள் குன்றத்தூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கீரைக்கார அம்மா ஒருவர் குறுக்கிட்டார். "இருங்க சார். என் பொண்ணு போரூர்லதான் வாக்கப்பட்டிருக்குது. அது குடிக்கிற தண்ணி இங்கேருந்தா போவுது?"

"ஆமாம்மா. காவிரித் தண்ணி கொள்ளிடத்துல இறங்கி, இங்க திரும்பி, வீராணம் போயி, குழாய்ல ஏறி அங்க வருது."

வைகாசி மாதம். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் தெரிந்தது. அணைக்கு மேல்பக்கம் மட்டும் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அந்த அம்மா அதைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு செல்போனை எடுத்து மகளுக்குப் போன் போட்டு, "உன் வூட்டுக் குழாய்த் தண்ணிய இங்க நின்னு பாத்துக்கினு கீறேன்டி" என்று கத்திப் பேசினார். பக்கத்து லாரிக்காரர்கள் வரை சிரித்தார்கள். காலையிலிருந்து புழுதி தின்றுகொண்டிருந்த வண்டியில் அதுதான் முதல் சிரிப்பு. பெரியவரும் லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

கும்பகோணத்தை நெருங்கும்போது இன்னொரு பேச்சு எழுந்தது. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் எங்கள் குன்றத்தூர்க்காரர். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்தை ஒட்டிய திருநாகேஸ்வரம் கோயிலில் அவருக்கு இருந்த பற்றினால், அதே பெயரில் குன்றத்தூரிலும் ஒரு கோயில் எழுப்பினார். எங்கள் ஊரில் அதை வடதிருநாகேஸ்வரம் என்கிறோம். "அப்ப மூலக் கோயில் இங்கதான் இருக்குது, இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போவறதா?" என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நேரமில்லை என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கோபுரத்தை வெளியே நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். வேளாண்மைத் துறைப் பயண அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதவும் இல்லை.

நடந்து போனவர்கள்

இருட்டிய பிறகு வண்டிக்குள் யாரோ கேட்டார்கள், இந்தத் திருவிழாவை யார் ஆரம்பித்தது என்று. மன்னார்குடி வரும்வரை அந்தக் கதையைச் சொன்னேன்.

2003-இல் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை காவிரிக் கரையோடு ஒரு நடைபயணம் போனார். ஊர் ஊராகத் தங்கி, இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போன பயணம். திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேடு கிராமத்தைச் சேர்ந்த ஜெயராமன் அதில் கூட நடந்தார். டெல்டாவின் தூரமும் வெயிலும் தெரிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட நடை என்று சொல்ல வேண்டியதில்லை. பேசப் போன இடத்தில் அவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. வழியில் விவசாயிகள் சிலர், தாங்கள் விடாமல் வைத்திருந்த பழைய நெல் விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டுயானம் அப்படிக் கையில் வந்தவற்றில் ஒன்று. அழிந்தே போய்விட்டது என்று எண்ணியிருந்த நெல், ஏதோ ஒரு வீட்டுக் குதிருக்குள் உயிரோடு இருந்திருக்கிறது.

அந்த விதைகளைப் பெருக்கும் வேலையை ஜெயராமன் கையில் எடுத்தார். ஆதிரெங்கத்தில் விதை மையம் வளர்ந்தது. ஆண்டுதோறும் விதைத் திருவிழா நடந்தது. வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம், அடுத்த ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 174 பாரம்பரிய நெல் இரகங்களை அவர் மீட்டார். பெயருக்கு முன்னால் நெல் என்பது ஒட்டிக்கொண்டது. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-இல் காலமானார். நெல் ஜெயராமன் 2018 டிசம்பர் 6-இல் போய்விட்டார். அரசு 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது. அதன் பிறகு அரசு விதைப்பண்ணைகளிலும் இந்த இரகங்களைப் பெருக்குகிறோம்.

இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மாழ்வாரும் வேளாண்மை படித்தவர்தான். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலை பார்த்து, மானாவாரி விவசாயிக்கு இந்த ஆராய்ச்சி உதவவில்லை என்று உதறிவிட்டு வந்தவர். அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறவன் அல்ல நான். ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 வராமல் இருந்திருந்தால் ரேஷன் கடை வரிசை எவ்வளவு நீண்டிருக்கும் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. ஆனால் தண்ணீர் நிற்கும் பள்ளக்காலுக்குக் குட்டை நெல்லைச் சிபாரிசு செய்துவிட்டு, அது மூழ்கியதும் நிவாரணப் பட்டியலில் பெயர் எழுதுவதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்ள முடியாது. அந்த நிலத்துக்கு ஏற்ற நெல் நம் ஊரில் இருந்திருக்கிறது. அதைத் தேடிப்போவதில் எந்தக் கட்சியும் இல்லை.

கதை முடிந்தபோது பின் சீட்டிலிருந்து பெரியவர் அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார். "அந்தக் காட்டுயானம் எவ்ளோ ஒசரம் வரும் சார்?"

"ஆறு, ஏழு அடி. யானை நின்னாலும் மறைஞ்சிடும்னு சொல்லித்தான் அந்தப் பேரு. 180 நாள் பயிர். தண்ணி ஏற ஏற அதுவும் வளர்ந்துக்கிட்டுப் போகும்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

திருவிழாவைப் பற்றி இந்தப் பத்திரிகையிலேயே பலர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. கூட்டம் அலைமோதியது. சில இரகங்கள் எங்கள் முறை வரும்முன்பே தீர்ந்துவிட்டன. எங்களுக்குக் கருப்புக்கவுனி, பூங்கார், தூயமல்லி, காட்டுயானம் கிடைத்தன. பெரியவர் காட்டுயானத்தை மட்டும் 2 கிலோ வாங்கிக்கொண்டார். இரவு ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்துவிட்டு, விடிந்ததும் ஊருக்குத் திரும்பினோம்.

வண்டி நின்ற ஊர்

மன்னார்குடி தாண்டி நீடாமங்கலம் போகும் வழியில், காலை பத்து மணிக்கு ஃபேன் பெல்ட் அறுந்தது. டிரைவர் பெல்ட் வாங்க பைக்கில் தொற்றிக்கொண்டு போனார். வெயில் ஏறிவிட்டது. முதல் நாள் அலுப்பு எல்லோர் முகத்திலும் தெரிந்தது. "வூட்டுக்குப் போய்ச் சேர்ந்தா போதும்" என்றுதான் எல்லோரும் முனகினார்கள். சாலையோரப் புளியமரத்தடியில் சிலர் துண்டை விரித்துப் படுத்தார்கள். பெண்கள் தண்ணீர் கேட்கப் பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள்.

போனவர்கள் திரும்பி வரவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒருவர் மட்டும் ஓடி வந்து, "சார், இங்க வாங்க, நெல்லு காயவெச்சிருக்காங்க" என்றார்.

ஓர் ஓட்டு வீட்டு வாசல். சாணி மெழுகிய தரையில் கோணியை விரித்து நாலைந்து சிறு குவியலாக நெல் காய்ந்துகொண்டிருந்தது. தையில் அறுத்த விதை நெல்லை, ஆடிக்கு முன்னால் ஒருமுறை வெயில் காட்டி வைக்கும் வழக்கம். வீட்டுக்கார அம்மாவுக்கு 60 வயதுக்கு மேல். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே எங்கள் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

"எந்தூரு தம்பி நீங்கள்லாம்?" என்று என்னைக் கேட்டார்.

"மெட்ராஸ் பக்கம்மா. குன்றத்தூர்."

"செங்கல்பட்டுப் பக்கமா?"

"பழைய செங்கல்பட்டு ஜில்லாதான்."

அவர் முகம் மலர்ந்தது. ஓரத்தில் இருந்த சின்னக் குவியலைக் காட்டினார். "அப்ப இது ஒங்க ஊரு நெல்லுல்ல. செங்கல்பட்டு சிறுமணி. எங்க வூட்டுக்காரவொ இருந்தப்ப திருவிழாவுல ரெண்டு கிலோ வாங்கியாந்தாவொ. நாலு கிலோவா திருப்பிக் குடுத்தாச்சு. அப்புறமும் வருசா வருசம் ஒரு கொல்லையில கொஞ்சமா போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வுட மனசில்ல. சம்பாவுக்குத்தான் போடுறோம்."

குன்றத்தூர் இன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம். 1997-இல் பிரிப்பதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பெயரில் ஒரு நெல் இருப்பது எனக்குப் பட்டியல்களில் படித்துத் தெரியும். எங்கள் வட்டாரத்தில் அதைப் போடும் ஒரு விவசாயியையும் நான் பார்த்ததில்லை. 300 கிலோமீட்டர் தள்ளி, கணவர் கொண்டுவந்த விதை என்பதற்காக ஓர் அம்மா அதை உயிரோடு வைத்திருக்கிறார்.

எங்களுக்குப் பின்னால் பெரியவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினார். பெயருக்கேற்ற சிறிய மணி. இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்து உமியைத் துப்பினார்.

"எங்கம்மா சிறுமணிக் கஞ்சி, சிறுமணிக் கஞ்சின்னு சொல்லிக்கினே இருக்கும் சார். புள்ளத்தாச்சிக்கு அதுதான் குடுப்பாங்களாம். சின்ன அரிசி, அதான் அப்டி சொல்லுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது நெல்லுப் பேருன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அவர் கண் கலங்கியிருந்தது. நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

பிறகு நடந்ததை எழுதினால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அந்த அம்மாவிடம் ஆளாளுக்குக் கேள்வி. எத்தனை நாள் பயிர், சாயுமா, அவலுக்கு ஆகுமா, புகையான் வருமா என்று. எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் இத்தனை கேள்வி நான் கேட்டதில்லை. அவர் கிளறுவதை நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் கைநிறைய விதையும் கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. "வெதநெல்ல விக்கிறதில்ல தம்பி. வெளஞ்சா ரெண்டு மடங்கா இங்கிட்டு அனுப்பி வைங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் கீரைக்கார அம்மா, திருவிழாவில் மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்த தண்டுக்கீரை விதைப் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் கட்டிவிட்டார். பெல்ட் வாங்கி வந்த டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவரும் இறங்கி வந்து மோர் வாங்கிக் குடித்தார்.

திரும்பும் வழியில் அதே புழுதி, அதே மாற்றுப்பாதை. அணைக்கரையில் இந்த முறை ஒரு மணி நேரம் நின்றோம். ஒருவரும் முனகவில்லை. பெரியவர் துண்டில் முடிந்த சிறுமணியை மடியிலேயே வைத்திருந்தார். குன்றத்தூர் வரும்போது இரவு பதினொன்றரை.

இரண்டு கை விதையை என்ன செய்வது?

ஊர் திரும்பிய பிறகு மற்ற ஊர்களிலிருந்தும் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். கைப்பிடி விதையை வைத்து என்ன சாகுபடி செய்துவிட முடியும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கை நெல் சுமார் 100 கிராம். ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்தால் 4,000 மணி. சிறுமணி இன்னும் எடை குறைவு, மணி கூடுதலாகவே இருக்கும். நூற்றுக்கு எண்பது முளைத்தால் 3,200 நாற்று. ஒற்றை நாற்றாக, 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 16. ஆக 200 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 5 சென்ட். ஒரு போகத்தில் மூட்டைக் கணக்கில் விதை கைக்கு வந்துவிடும். நாலு நாற்று, ஐந்து நாற்று என்று சேர்த்து நட்டால் இந்தக் கணக்கு ஒரு சென்ட்டோடு முடிந்துவிடும்.

விதைக்கும் முன் உப்புக்கரைசலில் போட்டுப் பதரைப் பிரிக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ உப்பு. கோழிமுட்டை அதில் மிதந்து, பழைய நாலணா அளவுக்கு மேலே தெரிந்தால் கரைசல் சரி. மிதக்கும் நெல்லை ஒதுக்கிவிட்டு, அடியில் நிற்பதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பக்கத்து வயலில் வேறு நெல் இருந்தால் நடுவில் 3 மீட்டராவது விடுங்கள். பூக்கும் நேரத்தில் வயலில் இறங்கி, உயரம், இலை, கதிர் வேறாகத் தெரியும் கலவன் செடிகளைப் பிடுங்கி எறியுங்கள். அறுத்த பிறகு 13 சதவீத ஈரத்துக்குக் காயவைக்க வேண்டும். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. ஈரமானி இல்லாத வீட்டில் அதுதான் ஈரமானி.

பெரியவர் இதில் ஒன்றையும் விடவில்லை. பள்ளக்காலில் 20 சென்ட்டில் ஆடி கடைசியில் காட்டுயானத்தை நேரடியாகத் தெளித்தார். மேட்டுப் பக்கம் 5 சென்ட்டில் சிறுமணி நட்டார். மீதி நிலத்தில் வழக்கமான குட்டை நெல். கார்த்திகை மழையில் அந்த வருடமும் தண்ணீர் நின்றது. குட்டை நெல் ஐந்து நாள் முழுகிக் கிடந்து பாதிக்கு மேல் அழுகியது. காட்டுயானம் தண்ணீருக்கு மேலே நின்றது. முன் பருவத்தில் போட்ட தழைச்சத்து மண்ணில் மிச்சம் இருந்த இடத்தில் மட்டும் காற்றுக்குச் சாய்ந்தது. உயரமான நெல்லுக்கு யூரியா போட்டால் இதுதான் நடக்கும், போட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மகசூல் குட்டை நெல் நன்றாக விளையும் வருடத்துக்கு ஈடாகாது. தண்ணீர் நிற்கும் வருடத்தில், கிடைப்பதே லாபம் என்கிற கணக்கு இது. வைக்கோல் மட்டும் தாராளம், அவருடைய இரண்டு மாடுகளுக்கும் வருடம் முழுக்க வந்தது.

அறுவடைதான் சிக்கலானது. சாய்ந்த ஆறடிப் பயிரில், அதுவும் 20 சென்ட்டுக்கு, எந்த அறுவடை இயந்திரக்காரர் வருவார்? கை அறுப்புக்கு எங்கள் பக்கம் ஆள் கிடைப்பதில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரும், மருமகள்களும் இறங்கி அறுத்தார்கள். பெரியவனுக்கு அரிவாள் பிடிக்கத் தெரியவில்லை என்று பெரியவர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிறுமணி ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அதில் இரண்டு படியை, அடுத்த வைகாசியில் போன குழுவிடம் கொடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினார். நிலத்தை இன்னும் விற்கவில்லை. பிள்ளைகளின் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, புரோக்கரும் வந்துகொண்டுதான் இருக்கிறார். போன பட்டத்தில் காட்டுயானம் ஓர் ஏக்கராக ஆகியிருக்கிறது.

கண்டுணர்வு சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரைப் பாருங்கள். பெண்களும் தாராளமாக வரலாம். வரும்போது ஒரு துணிப்பை, பத்துப் பதினைந்து காகித உறை, ஒரு பென்சில் எடுத்து வாருங்கள். வழியில் விதை கிடைத்தால் இரகத்தின் பெயர், கொடுத்தவர் பெயர், ஊர், எந்தப் பட்டத்தில் போடுகிறார்கள் என்ற நான்கையும் அங்கேயே உறை மேல் எழுதிவிடுங்கள். துண்டில் முடிந்து கொண்டுவந்தவர்களில் மூன்று பேருக்கு, வீட்டுக்கு வந்து பார்த்தபோது எது சிறுமணி, எது தூயமல்லி என்று அடையாளம் தெரியவில்லை.